அஞ்சினான் புகலிடம்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)

 

அபயதானம் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையார் என்னைப் பணித்தார்கள். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானங்களை நான்காக நம் முன்னோர் வகுத்தனர். முதல் மூன்றையும் நாம் இன்றும் இயன்றவரை செய்து வருகிறோம். விழா நாள்களில் அன்னமிடுகிறோம். மருத்துவ முகாம் நடத்துகிறோம். மாணவர்களுக்குப் புத்தகமும் உதவித்தொகையும் வழங்குகிறோம். நான்காவதாகிய அபயம், அதாவது அஞ்சி வந்தவர்க்கு அடைக்கலம் தருதல், மன்னர் காலத்தோடு முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். தமிழகத்துப் பழங்கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்னும் பெயர் காணப்படுகிறது. அறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘சமணமும் தமிழும்’ என்னும் தம் நூலில், இப்புகலிடங்களைச் சமணரின் அபயதானத்தோடு இணைத்தே விளக்குகிறார்கள். அத்தகைய புகலிடம் இன்று நம்மிடையே யாருக்குத் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். அதையே இன்று உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் உள்ள நம் ஊர்களுக்குச் செல்லும்போதெல்லாம், ஜினாலயத்து முன்மண்டபத்தில் தரிசனம் முடித்து அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சிலர் என்னைத் தனியே அழைத்துப் பேசுவதுண்டு. அவர்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று இருக்கும். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையாகவோ, மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத பிள்ளையாகவோ, ஆட்டிசம் உடைய பிள்ளையாகவோ இருக்கும். அத்தாய்மார்கள் பணம் கேட்பதில்லை, மருந்து கேட்பதில்லை. “நான் கண்ணை மூடிவிட்டால் இவனை யார் பார்ப்பார்?” என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். தம் பிள்ளை தமக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அருகன் திருமுன் வேண்டிக்கொள்வதாக ஒரு தாய் என்னிடம் கூறினார். பெற்ற தாய் அவ்வாறு வேண்டும் நிலைக்கு வந்திருக்கிறார் என்றால், அஞ்சி நிற்பவர் யார் என்று நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

குழந்தையாக இருக்கும்வரை அப்பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு துணை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 என்னும் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை அவர்களுக்குக் கட்டணமில்லாக் கல்விக்கு உரிமை அளிக்கிறது. வட்டார வள மையங்களில் இயன்முறைப் பயிற்சி கிடைக்கிறது. பள்ளிக்கு வர இயலாத பிள்ளையின் வீட்டுக்கே சிறப்பாசிரியர் வருகிறார். பள்ளிச் சிறாருக்கான அரசு மருத்துவப் பரிசோதனைத் திட்டமும் 18 வயது வரைக்குமே உரியது. 18 முடிந்த அன்று இக்கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அதே நாளில், பெற்றோர் அறியாத வேறொரு மாற்றமும் நிகழ்கிறது. சமணராகிய நமக்கும் பொருந்தும் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி, தாயும் தந்தையும் இளவருக்கு மட்டுமே இயற்கைப் பாதுகாவலர். பிள்ளை 18 வயதைக் கடந்தால், அவனுடைய நிலைமை எதுவாயினும், சட்டத்தின் பார்வையில் அவன் தனித்த ஆள். அவன் பெயரில் உள்ள நிலத்துக்கோ வங்கிக் கணக்குக்கோ தாயின் கையெழுத்து அன்று முதல் செல்லாது.

இவற்றை நான் சட்டப் புத்தகத்திலிருந்து முதலில் கற்கவில்லை. என் தம்பியின் வாழ்விலிருந்தே கற்றேன். அவையோர் பொறுத்தருள வேண்டும். சொந்தக் கதையைச் சொல்லாமல் இப்பொருளை விளக்க என்னால் இயலவில்லை.

என் தம்பி பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். எங்கள் தந்தையார் அரசுப் பள்ளி ஆசிரியர். அருகிலிருந்த நகரத்துச் சிறப்புப் பள்ளி ஒன்றில் அவனைச் சேர்த்திருந்தார். அங்கே அவன் கடைக்குச் சென்று உப்பும் புளியும் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிவரக் கற்றான். எங்கள் ஊர்ப் பேருந்தை அடையாளம் கண்டு ஏறவும் இறங்கவும் கற்றான். 18 வயதில் பள்ளி முடிந்தது. “இனி வீட்டோடு இருக்கட்டும்” என்று தந்தையார் கூறினார். அன்பினால் கூறிய சொல் அது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், பத்தாண்டு உழைத்துக் கற்றதையெல்லாம் அவன் மறந்தான். பேருந்து நிறுத்தத்துக்குப் போகவே அஞ்சினான். அவனுக்கு அறிவு குன்றியதால் நேர்ந்தது அன்று அது. கற்றதைச் செய்ய அவனுக்கு வேலை எதுவும் இல்லாமற் போனதால் நேர்ந்தது.

அவனுக்கென்று எஞ்சியிருந்தது ஒரே ஒரு கடமை. விடியற்காலையில் எங்கள் ஊர் ஜினாலயத்துக் கிணற்றில் நீர் இறைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அபிடேகத்துக்கு எடுத்து வைப்பான். துணியில் தங்கிய நுண்ணுயிர்கள் மீண்டும் நீரிலேயே சேர வேண்டும் என்று உபாத்தியாயர் ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து ஒருநாளும் அவன் அதனை மறந்ததில்லை.

தந்தையார் திடீரென்று காலமானார். சில ஆண்டுகளில் தாயாரும் மறைந்தார். உழைத்து ஈட்ட இயலாத மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம் பெற வழியுண்டு என்று பின்னரே அறிந்தோம். ஆனால் தந்தையாரின் பணிப் பதிவேட்டில் தம்பியின் நிலை குறிக்கப்படவில்லை. அவனுடைய ஊனச் சான்றிதழ் தற்காலிகமானது; அதன் காலக்கெடு எப்போதோ முடிந்திருந்தது. அவனுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் எவரும் இல்லை. மூன்றையும் சரிசெய்ய ஓராண்டுக்கு மேலாயிற்று. தந்தையார் இருந்த காலத்தில் சில நாள்களில் முடித்திருக்கக்கூடிய வேலை அது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றை நான் செய்தேன். மணமாகி வேறு நகரத்தில் வாழும் நான், அவனை என் இல்லத்துக்கு அழைத்துச் சென்றேன். தனி அறை கொடுத்தேன். வேளைக்கு உணவு கொடுத்தேன். ஆனால் நாள்தோறும் விடியலில் அவன் எழுந்து, குளித்து, வாயிற்படியில் வந்து நின்றுகொண்டிருப்பான். எங்கள் தெருவில் ஜினாலயம் இல்லை. “எங்கே போக வேண்டும்?” என்று கேட்டால், “தண்ணி எடுக்கணும் அக்கா” என்பான். நான் அவனிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வியே அதுதான் என்பதைப் பல மாதங்கள் கழித்தே உணர்ந்தேன். அவன் எங்கே வாழ விரும்புகிறான் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அதுவரை அவனைக் கேட்டதில்லை.

இன்று அவன் எங்கள் ஊரிலேயே, எங்கள் பழைய வீட்டிலேயே வாழ்கிறான். அடுத்த வீட்டில் சித்தப்பா மகன் குடும்பத்தார் இருக்கிறார்கள். பகலுணவு அவர்கள் வீட்டில். நான் சட்டப்படி அவனுக்குப் பாதுகாவலர். மாதம் இருமுறை சென்று வருகிறேன். காலையில் திருமஞ்சன நீர் அவன் கையால்தான் வருகிறது. இவ்வேற்பாடு எல்லார்க்கும் பொருந்தும் என்று நான் கூறவில்லை. ஒருவருக்கு உறவினர் வீடு பொருந்தும். ஒருவருக்குப் பராமரிப்பு இல்லம் பொருந்தும். எது பொருந்தும் என்பதை உரியவரைக் கேட்டும், உற்றுப் பார்த்தும், பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, பெற்றோர் செய்யக்கூடியவற்றை வயது வரிசையில் கூறுகிறேன்.

பிள்ளைக்கு 14 வயதாகும்போதே தொடங்குங்கள். எழுத்தும் எண்ணும் வரவில்லையே என்று வருந்திக்கொண்டிராமல், குளித்தல், உடுத்தல், பணம் கொடுத்து வாங்குதல், அறியாதவர் தொட்டால் விலகி வந்து கூறுதல் ஆகியவற்றைப் பழக்குங்கள். தாயின் கையன்றி வேறொருவர் கையால் உண்ணவும், சில நாள்கள் உறவினர் வீட்டில் தங்கவும் பழக வேண்டும். தாய் ஒருவரிடம் மட்டுமே பழகிய பிள்ளைக்குத் தாய் நோயுற்று மருத்துவமனையில் சேரும் முதல் நாளே பேரிடியாகிவிடும். தனித்துவ அடையாள அட்டை இல்லையேல் அதனைப் பெறுங்கள். இருப்பின் அதன் காலக்கெடுவைப் பாருங்கள்.

16 வயதில் வேலைக்கான பயிற்சியைத் தேடுங்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஒரு கடையில் பொருள் அடுக்குவதும், நாற்றங்காலில் நீர் ஊற்றுவதும் வேலையே. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுகள் உடையோருக்கென மத்திய அரசு 2005ஆம் ஆண்டில் அமைத்த தேசிய நிறுவனம் இயங்குகிறது. பிள்ளையின் திறனை மதிப்பிடவும், என்ன பயிற்சி பொருந்தும் என்று அறியவும் அங்குச் செல்லலாம்.

18 வயதில் செய்ய வேண்டியவை சில உள்ளன. அறிவுசார் குறைபாடு உள்ளோர்க்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்க்கும் தமிழக அரசு வழங்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023ஆம் ஆண்டு முதல் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று உடையோர்க்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ‘தேசிய அறக்கட்டளை’ என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. அதன் ‘நிராமயா’ காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். வயது வரம்பு இல்லை. வாக்காளர் பட்டியலிலும் பிள்ளையின் பெயரைச் சேருங்கள். உரிய நீதிமன்றம் மனநலம் பிறழ்ந்தவர் என்று அறிவித்தாலன்றி ஒருவருக்கு வாக்குரிமை மறுக்கப்படுவதில்லை.

பாதுகாவலர் நியமனம் பற்றிச் சற்று விரித்துக் கூற வேண்டும். மேற்சொன்ன நான்கு வகையினர்க்கும் நீதிமன்றம் செல்லாமலேயே பாதுகாவலரை நியமிக்க வழியுண்டு. மாவட்ட ஆட்சியரும், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அடங்கிய உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் அப்பிள்ளையின் சொத்துப் பட்டியலை அளிக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். அவர் பிள்ளையைப் புறக்கணித்தாலோ, துன்புறுத்தினாலோ, சொத்தைக் கையாடினாலோ, அவரை நீக்குமாறு பெற்றோரும் உறவினரும் அக்குழுவிடமே முறையிடலாம். எனவே, பாதுகாவலர் என்பவர் சொத்துக்கு உரியவர் ஆகமாட்டார். கணக்குக்குக் கட்டுப்பட்ட பொறுப்பாளர் மட்டுமே அவர்.

ஆயினும் எல்லாப் பிள்ளைக்கும் முழுப் பாதுகாவல் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘வரம்புக்குட்பட்ட பாதுகாவல்’ என்பதைக் கூறுகிறது. குறிப்பிட்ட ஒரு முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, உரியவரின் விருப்பத்தைத் தழுவி உதவுவதே அது. நிலம் விற்பதைப் பற்றி முடிவெடுக்க இயலாத ஒருவன், இன்று எந்தச் சட்டை அணிவது, யாரோடு திருவிழாவுக்குச் செல்வது என்பவற்றைத் தானே முடிவு செய்யலாம். ஒன்று இயலாது என்பதற்காக மற்ற அனைத்தையும் அவனிடமிருந்து பறிப்பது முறையன்று.

சொத்து பற்றி ஒரு சொல். உயில் எழுதாமல் இறப்பது இப்பிள்ளைகளுக்கு நாம் செய்யும் தீங்கு. நிலமுடையோர் உயில் எழுதுங்கள்; வழக்கறிஞரைக் கலந்து, பிள்ளையின் நலனுக்கென ஒரு தனி அறக்கட்டளையை ஏற்படுத்த இயலுமா என்று பாருங்கள். அரசுப் பணியாற்றுவோரும் ஓய்வு பெற்றோரும் உங்கள் பதிவேட்டில் பிள்ளையின் நிலையை இன்றே குறிக்கச் செய்யுங்கள். உடன்பிறந்தோரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். “உன் தலையில்தான் விழும்” என்று சொல்லாமற் சொல்லி வளர்ப்பதும் தவறு. “உனக்கு ஏன் இந்தக் கவலை” என்று விலக்கி வைப்பதும் தவறு. எவ்வளவு இயலும் என்று அவர்களைக் கேட்டறிவதே நேர்மை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு எழுதி வையுங்கள். பிள்ளை உண்பது எது, உண்ணாதது எது, எந்த ஓசைக்கு அஞ்சுவான், வயிற்றுவலி என்றால் அதனை எவ்வாறு காட்டுவான், எந்த மருந்து எந்த வேளையில், யாரிடம் சிரிப்பான் என்பவற்றை அதில் எழுதுங்கள். இவையெல்லாம் இன்று தாயின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. தாய் மறையும்போது அவ்வறிவும் உடன் மறைந்துவிடக் கூடாது.

இனி நம் சமுதாயம் பற்றிக் கூறுகிறேன். சற்றுக் கடுமையாக இருப்பின் மன்னியுங்கள்.

இரவுண்ணாமையும் நீர் வடிகட்டலும் நம் அடையாளங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரறிவு உயிர்க்கும் இரங்கும் மரபினர் நாம். அத்தகைய நம் வீடுகள் சிலவற்றில், பெண் பார்க்க வருவோர் வாயிலில் நிற்கும்போது, ஐயறிவும் மனமும் உடைய ஒரு மகன் பின்கட்டில் தாழிடப்படுகிறான். பெற்றோரை நான் பழிக்கவில்லை. நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஒரு வீட்டுச் செய்தி எல்லா ஊரையும் எட்டுகிறது. அவனுடைய தங்கைக்கு வரன் அமையாது என்று அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தை அவர்களுக்குத் தந்தவர்கள் நாம். சம்பந்தம் பேசும்போது “வீட்டில் அப்படி ஒரு பிள்ளை உண்டாமே” என்று காதோடு கேட்பவர்கள் நாம். அக்கேள்வியை நாம் நிறுத்தினால் தாழ் தானே திறக்கும்.

“அவன் வினைப்பயன்” என்று சிலர் கூறிவிடுகிறார்கள். வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கொள்கை முழுவதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒவ்வோர் உயிரும் இயல்பில் எல்லையற்ற ஞானம் உடையது. ஞானாவரணீயம் என்னும் வினை அதனை மறைக்கிறது. மறைப்பு ஒருவருக்கு மிகுதி, ஒருவருக்குக் குறைவு. உயிரில் ஏற்றத்தாழ்வு இல்லை. நம் அறிவும் மறைக்கப்பட்ட அறிவே. அன்றியும், துன்புறும் உயிரைக் கண்டு இரங்காமல் நிற்பவர்க்குப் புதுவினை வந்து சேரும் என்பதும் அதே கொள்கைதான். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அருவருப்பின்மையும், தளர்ந்தவரை நிலைநிறுத்தலும், உடன் அறத்தார்மீது அன்புடைமையும் இடம்பெற்றுள்ளன. இம்மூன்றையும் பழகும் இடம் இவ்வில்லங்களே.

நிறைவாக, நம் அறக்கட்டளையின்முன் சில வேண்டுகோள்கள். முதலாவது, நம் ஊர்களில் இத்தகைய பிள்ளைகள் உள்ள குடும்பங்களை, அவர்கள் இசைவோடும் மறைவடக்கத்தோடும், ஒரு பதிவேட்டில் குறித்து வையுங்கள். 14 வயதை எட்டும் பிள்ளையின் பெற்றோரை நாமே சென்று காண்போம். இரண்டாவது, விண்ணப்பம் எழுதவும் ஆட்சியர் அலுவலகத்துக்கு உடன் செல்லவும் ஓய்வு பெற்ற ஆசிரியர், அலுவலர் சிலர் முன்வர வேண்டும். நான் முதற்பெயர் கொடுக்கிறேன். மூன்றாவது, விழாக்காலம் தவிரப் பூட்டிக் கிடக்கும் நம் மண்டபங்களில் ஒன்றை வாரம் மூன்று நாள் பகல்நேர மையமாகத் திறக்கலாம். தாய்க்கு அந்த நான்கு மணி நேரம் ஓய்வு. பிள்ளைக்கு அது வெளியுலகம். நான்காவது, காலப்போக்கில் ஒரு சிறு இல்லம். பொதுவான பராமரிப்பு இல்லங்களில் நம் உணவு முறையும், பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கமும், நாள்தோறும் ஜினதரிசனமும் அமைவது அரிது. வாய் திறந்து கேட்க இயலாத ஒருவரின் விரதத்தைக் காப்பதும் நம் கடமையே. ஐவர் அறுவர் வாழும் வீடாக, ஜினாலயத்துக்கு நடந்து செல்லும் தொலைவில் அது அமையட்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் செய்வதற்கு ஒரு பணி இருக்கட்டும்.

இவற்றுள் முதலிரண்டுக்கும் பெரும் பொருள் தேவையில்லை. இவ்விழா முடிந்து நாம் கலைவதற்குமுன் தொடங்கிவிடலாம். முன்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் அத்தாய் அடுத்த முறை “இவனை யார் பார்ப்பார்?” என்று கேட்கும்போது, நான் தலைகுனிந்து நிற்காமல் சில பெயர்களைச் சொல்ல வேண்டும். அப்பெயர்களுள் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று வேண்டி அமர்கிறேன்.

அறம் வாழ்க! அனைத்துயிரும் இன்புறுக! வணக்கம்.